யுரேனியம் அரவை ஆலை: பாதுகாப்பு என்பது கழிவைக் காப்பதுதான்

டெல்டாவில் ஆலை என்றால் நெல் அரவை ஆலைதான். நூறு கிலோ நெல்லைப் போட்டால் 65 முதல் 68 கிலோ வரை அரிசி வரும், 20 கிலோவை ஒட்டி உமி, மிச்சம் தவிடு. உமிகூட வீணாவதில்லை, அதே ஆலையின் பாய்லரில் எரிந்துவிடும். யுரேனியம் தாது ஆலையிலும் நடப்பது இதே வேலைதான்: உடைப்பது, அரைப்பது, வேண்டியதைப் பிரிப்பது, வேண்டாததைத் தள்ளுவது. ஆனால் கணக்கு தலைகீழ். நம் நாட்டுத் தாதுக்களில் யுரேனியம் ஆக்சைடு பெரும்பாலும் 0.1 சதவீதத்துக்கும் கீழே. 0.05 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் கல்லை அரைத்தால் கிடைப்பது அரைக் கிலோ. மீதி முழுவதும் கழிவு. அதை நனைக்கவும் கரைக்கவும் போட்ட தண்ணீர், அமிலம், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்தால் உள்ளே வந்த தாதுவைவிட வெளியே போகும் கழிவின் எடை கூடிவிடும்.

அதனால் இந்த ஆலையை அரைக் கிலோ சரக்கு செய்யும் இடமாகப் பார்ப்பதைவிட, ஒரு டன் கழிவு செய்யும் இடமாகப் பார்ப்பதே சரி. இங்கே பாதுகாப்பு என்று பேசுவதில் பெரும்பகுதி அந்தக் கழிவைப் பற்றியதுதான்.

டெல்டாவில் இப்படி ஓர் ஆலை கிடையாது. நாட்டின் முதல் ஆலை ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் 1968இல் ஓடத் தொடங்கியது. அதே வட்டாரத்தில் துராம்டியில் ஒன்று, ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில் தும்மலபள்ளியில் ஒன்று. மூன்றையும் நடத்துவது இந்திய யுரேனியம் கழகம். இங்கிருந்து போகும் சரக்கு ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகத்தில் எரிபொருளாக மாறுகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் உலைகள் இயற்கை யுரேனியத்தில் ஓடும் வகை. மின்சாரம் நமக்கும் வருகிறது, கழிவு அங்கேயே தங்குகிறது. டிப்ளமோவோ வேதியியலோ படித்த நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகவும் கூடும். கரை, மதகு, ஊற்று, கசிவு என்ற சொற்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்த ஆலையின் பெரிய ஆபத்துகள் எளிதில் விளங்கும். அவற்றில் பாதிக்கு மேல் கரை உடைவதும் தண்ணீர் கசிவதும்தான்.

கழிவில் மிஞ்சுவது என்ன

யுரேனியத்தை ஒரு குடும்பத்தின் மூத்த ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். யுரேனியம்-238 சிதைந்து தோரியமாகிறது, அது இன்னொன்றாகிறது, இப்படிப் பதினான்கு படிகள் இறங்கிக் கடைசியில் சிதையாத ஈயமாக நிற்கிறது. நடுவில் வருபவர்களில் முக்கியமானவர்கள் மூவர்: தோரியம்-230, ரேடியம்-226, ரேடான்-222. ரேடான் மட்டும் வாயு. பல கோடி ஆண்டுகளாகப் பாறைக்குள் கிடந்ததால் குடும்பம் முழுவதும் தாதுவிலேயே கூடி இருக்கிறது. ஆலை அமிலத்தை ஊற்றி மூத்தவரை மட்டும் அழைத்துக்கொண்டு போகிறது. மற்றவர்கள் கழிவில் தங்கிவிடுகிறார்கள். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் கழிவோடு போகிறது என்று சொல்வது இதனால்தான்.

எண்ணாகச் சொன்னால், 0.05 சதவீதத் தாதுவில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5,000 பெக்கரல் ரேடியம் இருக்கும். பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அளவு. சாதாரண வயல் மண்ணில் இது 30, 40 என்ற அளவில் இருக்கும். அரைத்த பிறகும் அந்த 5,000 அப்படியே இருக்கிறது. முன்பு பாறைக்குள் பூட்டிக் கிடந்தது, இப்போது மாவாகிக் காற்றிலும் தண்ணீரிலும் நகரத் தயாராக இருக்கிறது. அரவை செய்யும் முக்கியமான மாற்றம் இதுதான்.

எத்தனை காலம்? ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. கரிகாலன் கல்லணை கட்டிய காலத்தில் ஒரு கட்டி ரேடியத்தை வைத்திருந்தால் இன்று அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சியிருக்கும். ஆனால் கழிவுக் குளத்தில் அந்த அளவுக்குக்கூடக் குறையாது. ரேடியத்தைப் பெற்றெடுக்கும் தோரியம்-230உம் கூடவே கிடக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 75,000 ஆண்டு. ரேடியம் குறையக் குறையத் தோரியம் புது ரேடியத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ரேடான் மூன்றே முக்கால் நாளில் பாதியாகிவிடும் என்று கேட்டு நிம்மதி அடைபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ரேடானுக்கு ஆயுள் குறைவு, ரேடான் சுரக்கும் ஊற்றுக்கு ஆயுள் மிக நீளம்.

ஆலைக்குள் யார், எங்கே, எப்படி வாங்குகிறார்கள்

வேலை செய்பவர் மூன்று வழியில் கதிர்வீச்சை வாங்குகிறார். வெளியிலிருந்து காமா கதிர், மூச்சில் போகும் தாதுத் தூசு, மூச்சில் போகும் ரேடானின் வாரிசுகள். மூன்றையும் கூட்டித்தான் ஓர் ஆளின் ஆண்டுக் கணக்கு எழுத வேண்டும்.

இந்தியாவில் வரம்பை வைப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், 1983இல் அமைந்தது. உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவில் எண்ணுகிறார்கள். பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு தனி ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: இயற்கையிலிருந்தே உலகத்தில் ஒருவர் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். இந்த 1 மில்லிசீவர்ட் அதற்கு மேலாக, ஆலையால் வருவதற்கு மட்டும். வரம்பு வரைக்கும் வாங்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பதே விதியின் உயிர்.

காமா, குறைந்த தரத் தாதுவில் பெரிய பயம் இல்லை. 0.05 சதவீதத் தாதுக் குவியலின் மேல் நின்றால் மணிக்குச் சுமார் 2 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி). ஆண்டுக்கு 2,000 மணி நேரம் அங்கேயே நின்றாலும் 4 மில்லிசீவர்ட். யாரும் அப்படி நிற்பதில்லை. ஆனால் சில மூலைகள் ஏமாற்றும். குழாய்களின் உட்சுவரிலும், வடிகட்டித் துணியிலும், தொட்டியின் அடியிலும் படியும் வெள்ளைப் பொருக்கில் ரேடியம் சேர்ந்து செறிந்துவிடும். அதனால் அன்றாடம் ஆலையை ஓட்டுபவரைவிட, ஆண்டுக்கு இருமுறை பிரித்து, சுரண்டி, வெல்டிங் வைக்கும் பராமரிப்பு ஆளே சில நாளில் அதிகம் வாங்கக்கூடும். ஒப்பந்த ஆளாக வருபவரும் பெரும்பாலும் இவர்தான். அவருக்குக் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் இருக்கிறதா, பெயர் பதிவில் இருக்கிறதா என்று பார்ப்பது மேற்பார்வையாளரின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

மார்பில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிக்கப்படுகிறது. அது காமாவையும் பீட்டாவையும் மட்டுமே சொல்லும். மூச்சில் போன ஆல்ஃபாவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 'பேட்ஜில் ஒன்றும் இல்லை' என்றால் 'உடம்பில் ஒன்றும் இல்லை' என்று ஆகாது. புதிதாகச் சேருபவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். பேட்ஜை லாக்கரில் மறந்து வைப்பது, சட்டையோடு துவைப்பது, தாதுக் குவியல் பக்கம் கழற்றி வைப்பது என்று பதிவைக் கெடுக்கும் வழிகள் வேறு.

ஆல்ஃபா கதிர் காற்றில் சில சென்டிமீட்டர்தான் போகும், தோலின் மேல்படலமே அதைத் தடுத்துவிடும். நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் கதை வேறு, அங்கே தடுப்பதற்குத் தோல் இல்லை. எனவே தூசுதான் எதிரி. கல் உடைக்கும் இடம், கன்வேயர் ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்குக் கொட்டும் இடம், கடைசியில் பிரித்தெடுத்த யுரேனியமான மஞ்சள் சரக்கை உலர்த்தி டிரம்மில் அடைக்கும் இடம், இந்த மூன்றும் தூசு கிளம்பும் இடங்கள். நடுவில் அரவை முழுவதும் தண்ணீரோடு நடப்பதால் தூசு இல்லை. நெல் ஆலையில் உமி பறக்கும் இடத்தில் உறிஞ்சு குழாய் வைப்பதைப் போல இங்கும் மூடிபோட்டு உறிஞ்சி, தண்ணீர் தெளித்து, வடிகட்டிப் பைக்கு அனுப்புகிறார்கள். பை கிழிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? பைக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும் கருவி திடீரென்று இறங்கும். மெதுவாக ஏறிக்கொண்டே போனால் பை அடைத்துவிட்டது. இந்த ஓர் எண்ணை ஷிப்டுக்கு ஒருமுறை எழுதி வைத்தாலே பாதிப் பிரச்சினை முன்கூட்டியே தெரிந்துவிடும். தாதுத் தூசில் சிலிக்காவும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கதிர்வீச்சுக் கணக்கு சரியாக இருந்தும் சிலிக்காவால் நுரையீரல் கெடலாம்.

தூசை அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இடுப்பில் சிறு பம்பு, கழுத்துப் பட்டையில் வடிதாள், நிமிடத்துக்கு 2 லிட்டர் அளவில் ஷிப்டு முழுக்கக் காற்றை இழுக்கும். வடிதாளை எடுத்தவுடன் ஆல்ஃபா எண்ணியில் வைத்தால் எண் மிக அதிகமாகக் காட்டும். ரேடானின் வாரிசுகளும் அதே தாளில் ஒட்டியிருப்பதே காரணம். அவை சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ரேடானின் இன்னொரு வகையான தோரான் வாயுவின் வாரிசு ஈயம்-212 மட்டும் 10.6 மணி அரை ஆயுள் உள்ளது, அடங்க மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குப் பிறகு எண்ணினால்தான் நீண்ட ஆயுள் கொண்ட தாதுத் தூசு எவ்வளவு என்று தெரியும். அவசரப்பட்டு எண்ணியவர் வீண் பீதி கிளப்புவார். எண்ணாமலே விட்டவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்.

ரேடான், மூச்சில் போய் மூச்சிலேயே திரும்பிவிடும் வாயு. கெடுதல் செய்வது அதன் வாரிசுகளான பொலோனியமும் பிஸ்மத்தும். அவை திடப்பொருள், தூசில் ஒட்டி நுரையீரலில் தங்கும். புதுக் காற்றில் ரேடான் இருந்தாலும் வாரிசுகள் குறைவு. அதே காற்று மூன்று மணி நேரம் அடைந்து கிடந்தால் வாரிசுகள் பெருகிச் சமநிலைக்கு வந்துவிடும். ஆகவே தாதுக் கிடங்கின் அடியில் ஓடும் கன்வேயர் சுரங்கம், மூடிய தொட்டி போன்ற இடங்களில் விசிறியை முதலில் போட்டு, காற்று முழுவதும் மாறிய பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். இறங்கிய பிறகு விசிறி போடுவது பழைய காற்றைக் கலக்கி மூச்சில் ஏற்றுவதாகத்தான் முடியும்.

டிரம்மில் அடைக்கும் மஞ்சள் சரக்கில் கதிர்வீச்சைவிட விஷத்தன்மைக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். எளிதில் கரையும் யுரேனியம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். அதிக சூட்டில் உலர்த்தியது கரையாது, நுரையீரலில் தங்கும். அந்தப் பகுதியில் வேலை செய்பவர்களின் சிறுநீரைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கிறார்கள். வேலை முடிந்த கையோடு, தூசுக் கையால், தூசு உடுப்பில் எடுத்த மாதிரி பொய் சொல்லும். குளித்து, வேறு உடுப்பில், தூசு இல்லாத இடத்தில் எடுக்க வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். ஆலைக்குள்ளேயே துவைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் மனைவியோ அம்மாவோ அந்தச் சட்டையை உதறித் துவைத்தால் தூசு அவர்கள் மூச்சில் போகும், அவர்களுக்குப் பேட்ஜும் இல்லை, பதிவேடும் இல்லை.

சேறு குளத்துக்குப் போகும் வழி

ஜாதுகுடா முறையில் அரைத்த தாதுவோடு கந்தக அமிலமும், ஆக்சிஜன் ஏற்றும் பொருளாக மாங்கனீசு டையாக்சைடு உள்ள கனிமமும் சேர்த்து, உயரமான தொட்டிகளில் காற்றை ஊதிக் கலக்குகிறார்கள். யுரேனியம் கரைந்து நீரோடு போகிறது. மிஞ்சிய சேறு அமிலமாக இருக்கும். அப்படியே விட்டால் ரேடியம், மாங்கனீசு, கரைந்திருந்த தோரியம் எல்லாம் தண்ணீரோடு ஊர்ந்துவிடும். எனவே முதலில் சுண்ணாம்புக்கல் தூள், பிறகு சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை பிஎச் 10 அளவுக்கு ஏற்றுகிறார்கள். உலோகங்கள் திரிந்து சேற்றோடு படிந்துவிடும்.

எளிதாகத் தெரியும் இந்தப் படியில்தான் தவறுகள் மிகுதி. பிஎச் கருவியின் முனையில் சுண்ணாம்பு படிந்துவிட்டால் அது பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புப் பால் வரும் குழாய் அடைத்துக்கொள்ளும், திரையில் 10 என்று நிற்கும், குளத்துக்கு அமிலம் போய்க்கொண்டிருக்கும். ஷிப்டுக்கு இருமுறையாவது கையில் எடுத்துச் செல்லும் கருவியால் ஒப்பிட்டுப் பார்ப்பதும், முனையை நீர்த்த அமிலத்தில் கழுவுவதும் தவிர வேறு மருந்து இல்லை. தும்மலபள்ளியில் அமிலம் இல்லை. சுண்ணாம்புப் பாறைத் தாது என்பதால் அமிலத்தைத் தின்றுவிடும், ஆகவே சோடாவை வைத்து அழுத்தத்தில் கரைக்கிறார்கள். அங்கே கவலை வேறு: கார்பனேட் நிறைந்த தண்ணீரில் யுரேனியம் படியாமல் கரைந்தே பயணம் செய்யும்.

சேற்றிலிருந்து பருமணலைச் சுழல் பிரிப்பானால் பிரித்துச் சுரங்கத்தின் வெற்றிடத்தை நிரப்பத் திருப்பி அனுப்புகிறார்கள். ஏறத்தாழ பாதி இப்படிப் போய்விடும். நல்ல ஏற்பாடு. ஆனால் மீதி வண்டலில்தான் ரேடியம் அதிகம், அது குளத்துக்குப் போகிறது. ஆற்று வண்டலில் சத்து நுண்துகளில் இருப்பதைப் போல இங்கே நஞ்சும் நுண்துகளில் ஒட்டியிருக்கிறது.

சேற்றைக் கொண்டுபோகும் குழாய் உள்ளிருந்தே தேய்ந்துகொண்டிருக்கும். அரைத்த கல், உப்புத்தாளைப் போல அறுக்கும். குழாயின் அடிப்பக்கமும் வளைவுகளும் முதலில் மெலியும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை குழாயைக் கால் சுற்றுத் திருப்பிப் போட வேண்டும், மீயொலிக் கருவியால் தடிமனை அளக்க வேண்டும். குழாய் ஓடும் வழியெல்லாம் அடியில் ஒரு வாய்க்கால், அது ஒரு சேமிப்புக் குழியில் போய் முடிய வேண்டும். ஆலை முனையில் ஓட்டத்தையும் குளத்து முனையில் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் தானே பம்பை நிறுத்தும் ஏற்பாடு வேண்டும். 2006 டிசம்பரில் ஜாதுகுடாவில் கழிவுக் குழாய் வெடித்துச் சேறு ஓடையில் கலந்தது. குழாய் என்றைக்காவது உடையும். அன்றைக்குச் சேறு எங்கே போய் நிற்கும் என்பதை முன்பே வெட்டி வைத்திருக்க வேண்டும்.

குளத்தின் மேல் தெளியும் தண்ணீரை வடித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள். ரேடியம் மிகச் சிறிய அளவில் கரைந்திருப்பதால் சுண்ணாம்பு மட்டும் பிடிக்காது. லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் பேரியம் குளோரைடு சேர்த்தால், தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் சல்பேட்டோடு பேரியம் சல்பேட் ஆகும். பேரியத்தின் தம்பி போன்ற ரேடியமும் அந்தப் படிகத்துக்குள் மாட்டிக்கொள்ளும். வேதியியல் அழகானது, நடைமுறை அடம்பிடிக்கும். அந்தப் படிகம் மாவைவிட நுண்ணியது, படிய நாள் கணக்கில் ஆகும். மழைக்காலத்தில் தண்ணீர் அதிகமாகி, தெளிவிக்கும் தொட்டியில் தங்கும் நேரம் குறைந்தால், பிடிபட்ட ரேடியம் படியாமலே மதகு தாண்டிப் போய்விடும்.

கரை, கசிவு, மழை

கழிவுக் குளத்தின் அணை நம் ஏரிக்கரையின் உறவினர்தான். ஜாதுகுடாவில் மூன்று பக்கம் மலை, நான்காவது பக்கம் கரை. ஏரியைப் போலவே இது உடைவதும் மூன்று வழியில்: தண்ணீர் கரைமேல் வழிவது, கரைக்குள் ஊற்று எடுத்துக் குடைவது, கரையே சரிவது.

மழைக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 10 லட்சம் லிட்டர். 30 ஹெக்டேர் குளத்தில் ஒரு புயல் 300 மில்லிமீட்டர் கொட்டினால் 9 கோடி லிட்டர், குளத்தின் மட்டம் 30 சென்டிமீட்டர் ஏறும். சுற்றியுள்ள மலைச்சரிவின் தண்ணீரும் உள்ளே வந்தால் இது பல மடங்காகும். அதனால்தான் மலையோரத்தில் திருப்பு வாய்க்கால் வெட்டி மழைநீரைக் குளத்துக்கு வெளியே ஓட்டிவிடுகிறார்கள். அந்த வாய்க்கால் மழைக்காலத்துக்கு முன் தூர்வாரப்பட்டதா என்ற கேள்வி, டெல்டாவில் ஆற்றுக்குத் தண்ணீர் திறக்கும் முன் நாம் கேட்கும் கேள்வியேதான். நீர்மட்டத்துக்கும் கரைத்தலைக்கும் நடுவே எப்போதும் காலியாக விட வேண்டிய உயரத்தைச் சேறு மெல்ல மெல்லத் தின்றுகொண்டே வரும். போன வருடம் பாதுகாப்பாக இருந்த குளம், இந்த வருடம் அதே மழைக்குப் போதாது.

ஊற்றைப் பற்றி டெல்டாக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கரையின் வெளிப்பக்க அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கவனி, கலங்கி வந்தால் ஓடிப்போய் மண் மூட்டை அடுக்கு. கலங்கல் என்றால் கரைமண் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது. நண்டு வளையும் எலி வளையும் வயல் வரப்பை உடைப்பதைப் போலவே இதையும் உடைக்கும். கூடுதலாக இங்கே கரைக்குள் குழாய்களைப் புதைத்து, உள்ளே நீர்மட்டம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். கசியும் நீரைக் கரையடியில் வாய்க்கால் வைத்துப் பிடித்து மறுபடி குளத்துக்கே ஏற்றுகிறார்கள்.

1979 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சர்ச் ராக் என்ற இடத்தில் இப்படி ஒரு கரை உடைந்தது. 1,100 டன் சேறும் 35 கோடி லிட்டர் அமிலத் தண்ணீரும் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தன. ஆற்றை நம்பி ஆடுமாடு வளர்த்த நவாஹோ மக்கள் அதன் கரையில் இருந்தார்கள். கரையில் விரிசல்கள் முன்பே கண்ணில் பட்டிருந்தன. பதிவேட்டில் எழுதிய விரிசலுக்கு யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும் என்று எழுதாத பதிவேடு கண்காணிப்பு ஆகாது.

நிலத்தடி நீருக்குக் குளத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் கண்காணிப்புக் கிணறுகள் போடுகிறார்கள். எதை முதலில் தேடுவது? யுரேனியத்தை அல்ல. சல்பேட்டும் குளோரைடும் மண்ணில் ஒட்டாமல் தண்ணீரின் வேகத்திலேயே ஓடும். அவை முதலில் வந்து சேரும், யுரேனியம் பின்னால் வரும், ரேடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மிக மெதுவாக நகரும். கீழ்ப்புறக் கிணற்றில் சல்பேட் ஏறுகிறது, ரேடியம் இல்லை என்றால் நல்ல செய்தி என்று மூடிவைக்கக் கூடாது, குளம் கசிகிறது என்பதற்கு முதல் தகவல் அது. இதற்கு ஆலை தொடங்கும் முன் எடுத்த பழைய எண்கள் கட்டாயம் வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கக் கடைமடைக் கிணறுகளில் கடல்நீர் ஏறி உப்பு ஏற்கெனவே இருப்பதை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நிலத்தில் முன்கணக்கு இல்லாவிட்டால், உப்பு எங்கிருந்து வந்தது என்ற சண்டை என்றைக்கும் தீராது. குறைந்தது ஓராண்டு, எல்லாப் பருவத்திலும் எடுத்த மாதிரிகள் கையில் இருக்க வேண்டும்.

கோடையில் தலைவலி வேறு. குளத்தின் ஓரம் காய்ந்து, நுண்மாவு காற்றில் கிளம்பும். சேற்றை ஒரே முனையில் கொட்டாமல் சுற்றிச் சுற்றிக் கொட்டி மேற்பரப்பை ஈரமாக வைப்பதும், நிரம்பிய பகுதியை உடனே மண்ணால் மூடுவதும்தான் வழி. வேலியும் காவலும் சும்மா இல்லை. குளத்தில் மீன் பிடிப்பவரும், புல்லுக்கு மாடு ஓட்டுபவரும் தெரியாமல்தான் வருவார்கள்.

மணலைப் போலத் தெரியும் மணல்

கழிவு பார்ப்பதற்குச் சாம்பல் நிற நுண்மணல். சலித்ததைப் போலச் சீராக இருக்கும், பூச்சுக்கும் நிரவலுக்கும் ஆசை காட்டும். அமெரிக்காவில் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் ஊரில் 1950களிலும் 60களிலும் ஆலைக் கழிவை மக்கள் இலவசமாக அள்ளிப்போய் அஸ்திவாரத்தில் நிரப்பினார்கள், கான்கிரீட்டில் கலந்தார்கள், பள்ளிக்கூடங்களுக்கும் போட்டார்கள். வீட்டுத் தரைக்கு அடியில் ரேடியம், வீட்டுக்குள் ரேடான். 1972இல் இதைத் தோண்டி எடுப்பதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆற்று மணலுக்கு லாரி வரிசை நிற்கும் நம் பக்கத்தில் இதன் அபாயம் யாருக்கும் புரியும். ஒரு லோடு வெளியே போய்ப் பத்து வீட்டில் கலந்துவிட்டால், பிறகு பத்து வீட்டையும் இடித்துத்தான் எடுக்க வேண்டும். ஆலையிலிருந்து வெளியேறும் பழைய இரும்பும் இப்படித்தான். குழாயின் உட்பக்கப் பொருக்கை அளக்காமல் பழைய இரும்புக் கடைக்கு விடக் கூடாது. வெளிப்பக்கம் மட்டும் கருவியைக் காட்டிச் சீல் வைப்பது அளந்ததாகாது.

ஆலை மூடிய பிறகு

நிரம்பிய குளத்தை மூடுவதில் களிமண்தான் நாயகன். ஈரக் களிமண்ணின் துளைகளில் தண்ணீர் நிற்கும். தண்ணீருக்குள் ரேடான் காற்றில் ஊர்வதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக ஊரும். மேலே வந்து சேர்வதற்குள் சிதைந்து தீர்ந்துவிடும். ரேடானை அடைத்து வைக்க வேண்டியதில்லை, சில வாரம் தாமதப்படுத்தினால் போதும். ஆனால் கோடையில் நம் நஞ்சை வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்கள் உடனே கேட்பார்கள்: இந்தக் களிமண்ணும் வெடிக்காதா? வெடிக்கும். வெடிப்பு வழியே ரேடான் மேலேறும், மழை கீழிறங்கும். அதனால் களிமண்ணுக்கு மேல் இன்னொரு மண் அடுக்கு, அதற்கு மேல் அரிப்பைத் தாங்கும் கல் அல்லது புல். புல்லையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆழ வேர்விடும் மரம் களிமண்ணைத் துளைக்கும், ரேடியத்தை இலைக்கு ஏற்றும். மாடு தின்னாத, வேர் ஆழம் போகாத செடிதான் வேண்டும்.

அமெரிக்க விதி, இந்த மூடி முடிந்த வரை 1,000 ஆண்டும், குறைந்தது 200 ஆண்டும் நிற்க வேண்டும் என்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1010இல் பணி முடிந்தது. அந்தக் கோயில் நின்ற காலம் அளவுக்கு ஒரு மண்மூடி நிற்க வேண்டும் என்று சொல்கிறார்கள். உட்டாவின் மோவாப் ஊரில் கொலராடோ ஆற்றங்கரையில் கொட்டிய ஒரு கோடியே அறுபது லட்சம் டன் கழிவை, ஆறு தின்றுவிடும் என்று பயந்து, 2009இல் தொடங்கி ரயிலில் ஏற்றி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஆறு இடம் மாறும் என்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழ்பவர்களுக்குத் தெரிந்த சேதி. இடம் தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேட்காதவர் பிறகு ரயில் விட வேண்டிவரும்.

இத்தனை காலம் யார் பார்த்துக்கொள்வது, செலவுக்குப் பணம் எங்கே? சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைக் கொடுத்து, அவை 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு சாகும், மந்தை சாகாது. முதலைத் தொடாமல் பெருக்கத்திலிருந்து நெய் வர வேண்டும் என்பது ஏற்பாடு. அமெரிக்க விதியிலும் இதே யோசனை இருக்கிறது. ஆலைக்காரர் மூடும்போது குறைந்தது இரண்டரை லட்சம் டாலர், 1978ஆம் ஆண்டு மதிப்பில், அரசிடம் கட்டிவிட வேண்டும். அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒருவர் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஆலை லாபத்தில் ஓடும் காலத்திலேயே இந்தப் பணத்தை ஒதுக்காவிட்டால், மூடிய பிறகு கேட்க ஆளும் இருக்காது, கொடுக்க ஆளும் இருக்காது.

கண்காணிப்பவர் யார் என்பதும் முக்கியம். ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தனிச் சட்டத்தின் அந்தஸ்து இல்லை என்று 2012இல் மத்திய தணிக்கை அறிக்கை குறைகூறியது. ஆலையும் கண்காணிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், எண்கள் சரியாகவே இருந்தாலும் ஊர் நம்பாது.

அளவீட்டு அறிக்கை ஒன்று கையில் கிடைத்தால் சராசரியைப் பார்க்க வேண்டாம், உச்ச எண்ணைப் பாருங்கள், அது எந்த மாதம் எடுத்தது என்றும் பாருங்கள். குடிநீரில் யுரேனியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், நம் ஒழுங்குமுறை வாரியம் வைத்தது 60. எந்த அளவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்க வேண்டும். ரேடியத்தை வடிகட்டிய நீரில் அளந்தார்களா, வடிகட்டாமலா என்பதையும் கேளுங்கள். படியாமல் தப்பிய பேரியப் படிகம் வடிதாளில் நின்றுவிட்டால், அறிக்கையில் ரேடியம் குறைவாகத் தெரியும், ஓடையில் குறைந்திருக்காது. மாதிரி எடுத்த கிணறு குளத்துக்கு மேற்புறமா கீழ்ப்புறமா, தண்ணீர் இறைத்த பிறகு எடுத்ததா, தேங்கிக் கிடந்ததை அப்படியே மொண்டதா என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.